பிள்ளையை ரேஸ் டிராக் பயிற்சிக்கு அனுப்பும் முன்

மோட்டார் தொழிலில் நெடுங்காலம் இருப்பவன் என்பதால், கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறை, தக்கலை, நாகர்கோவில் பக்கத்துப் பெற்றோர் பலர் அண்மைக் காலமாக ஒரே கேள்வியை என்னிடம் கேட்கிறார்கள். சென்னையிலோ கோவையிலோ நடக்கும் பெர்ஃபார்மன்ஸ் டிரைவிங் பயிற்சிக்கு, அதாவது மூடிய தடத்தில் வேகமான வண்டியைக் கட்டுப்படுத்தக் கற்பிக்கும் பயிற்சிக்கு, போயே தீருவேன் என்று மகன் பிடிவாதம் பிடிக்கிறான், சில வீடுகளில் மகளும் கேட்கிறாள், அனுப்பலாமா, அனுப்பினால் எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்கிறார்கள். அனுப்பலாம் என்பதே என் கருத்து. ஆனால் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைப் பிள்ளையிடமே விட்டுவிடக் கூடாது என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்வேன்.

விபத்துக்குள்ளாகி என் பணிமனைக்கு வரும் கார்கள் பலவற்றில் பிரேக் பேடும் டிஸ்க்கும் குறைவின்றி இருப்பதைப் பார்க்கிறேன். வண்டியால் நின்றிருக்க முடியும். ஓட்டியவர் அந்த பிரேக்கை முழுமையாகப் பயன்படுத்தவில்லை. இதற்குச் சாதாரண டிரைவிங் ஸ்கூல்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி சொந்தப் பயன்பாட்டுக் காருக்குக் குறைந்தது 21 நாள் பயிற்சியும், அதில் 10 மணி நேரம் நேரடியாக ஓட்டும் பயிற்சியும் தர வேண்டும். கிளட்ச், கியர், ரிவர்ஸ், மேட்டில் வண்டி எடுப்பது, ஆர்.டி.ஓ. முன்னால் ஓட்டிக் காட்டுவது என்று அத்தனையும் அந்தப் பத்து மணி நேரத்துக்குள் அடங்கியாக வேண்டும். வேகமாகச் செல்லும் வண்டியை முழு பலத்தோடு மிதித்து நிறுத்திப் பார்க்கும் அனுபவம் ஒருவருக்கும் அங்கே வாய்ப்பதில்லை.

அந்த அனுபவம் எவ்வளவு இன்றியமையாதது என்பதை என் அக்காள் மகன் பயிற்சி பெற்ற நாளில், தடுப்புக்கு இப்பால் நின்று நான் கண்ணால் கண்டேன். நீர் தெளித்த தளத்தில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வந்து, கூம்பு நட்ட இடத்தில் பிரேக்கை முழுவதும் மிதிக்க வேண்டும் என்பது பாடம். மிதித்தான், உடனே காலை எடுத்தும் விட்டான். வண்டி கூம்புகளை இடித்துத் தள்ளிக்கொண்டு வெகுதூரம் போய் நின்றது. இறங்கி வந்தவனின் முகம் வெளிறியிருந்தது. "பிரேக்கு காலுக்கடியில கடகடன்னு அடிச்சுது மாமா, என்னமோ உடைஞ்சு போச்சுன்னு நெனைச்சு காலை எடுத்துட்டேன்" என்றான். திடீரென பிரேக் பிடிக்கும்போது சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு வேலை செய்யும்போது பெடல் அப்படித்தான் அதிரும். 2019 ஏப்ரல் முதல் இங்கே விற்பனையாகும் புதிய கார்கள் அனைத்திலும் ஏ.பி.எஸ். கட்டாயம். இருந்தும், உயிரைக் காக்கும் அந்த அதிர்வைக் கோளாறு என்று எண்ணிக் காலை எடுப்பவர்கள் எத்தனையோ பேர். பயிற்றுநர் அவனைத் திட்டவில்லை. பக்கத்து இருக்கையில் அமர்ந்து, அதிர்ந்தாலும் அழுத்தம் குறையாமல் மிதித்துக்கொண்டே பார்வையையும் ஸ்டீயரிங்கையும் காலியான பக்கம் திருப்பும்படி சொன்னார். அடுத்த முறை வண்டி கூம்புகளைத் தொடாமல் விலகி நின்றது. நல்ல பள்ளிக்கு எனக்குத் தெரிந்த முதல் அடையாளம் இந்தப் பாடம்தான்.

நம் மாவட்டத்துச் சாலைகளை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கும் ஊர் நம்முடையது. சில வாரம் வெயில் காய்ந்த பின் பெய்யும் முதல் மழையில், சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து தார்ப்பரப்பை வழுக்குப் பாறை போல ஆக்கிவிடுகின்றன. களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம், தக்கலை வழியாக நாகர்கோவில் வரும் பழைய நெடுஞ்சாலையில், கடைகளும் வளைவுகளும் நெருக்கியடிக்கும் இடைவெளியில், கனிமம் ஏற்றிய டாரஸ் லாரி எதிரே வரும்போது ஒதுங்குவதற்கு இடமே இருப்பதில்லை. குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே போகும் சாலைகளில் நிழலின் ஈரம் எளிதில் காய்வதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, லாரியை முந்தி வெளியே வரும் சிறிய காரைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. ஒரு சுற்றை எத்தனை நொடியில் முடித்தான் என்ற கணக்கு இவற்றில் எதற்கும் உதவாது. எட்டத்தில் பார்ப்பது, வளைவுக்கு முன்பே நேர்க்கோட்டில் வேகத்தைக் குறைத்து முடிப்பது, பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்சக்கரங்களுக்கு எப்படிச் செல்கிறது என்று உணர்வது ஆகியவையே உதவும்.

எனவே பள்ளியிடம் முதலில் கேட்க வேண்டியது, அது பந்தய வீரரை உருவாக்கும் பள்ளியா, சாலையில் ஓட்டுபவருக்கு வண்டிக் கட்டுப்பாட்டைக் கற்பிக்கும் பள்ளியா என்பதாகும். இரண்டும் மதிப்புக்குரியவை, நோக்கம்தான் வேறு. 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான கோவையின் நரேன் கார்த்திகேயன், பதின்பருவத்திலேயே பிரான்ஸின் வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளியில் பயின்றவர். அவர் தந்தையும் தேர்ந்த ராலி ஓட்டுநர். உங்கள் பிள்ளையின் கனவு அதுவானால், இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் போட்டி உரிமத்துக்கு வழிகாட்டும் பள்ளியைத் தேடுங்கள். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோவை செட்டிப்பாளையத்தின் காரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் பந்தயத் தடங்கள் இருப்பதால் தமிழ்நாட்டை விட்டு வெளியே போகத் தேவையில்லை. கல்லூரிக்கும் வேலைக்கும் பத்திரமாகப் போய்வர வேண்டும் என்பதே உங்கள் எண்ணமானால், ஈரத்தளம், திடீர் பிரேக், தடையைக் கண்டு விலகுதல் ஆகிய மூன்றும் பாடத்திட்டத்தில் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு பள்ளியைப் பாருங்கள்.

அடுத்து, ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர், ஒவ்வொருவரும் ஸ்டீயரிங் பிடிக்கும் நேரம் எவ்வளவு என்று கேட்க வேண்டும். ஒரு நாள் பயிற்சி என்று விளம்பரம் செய்துவிட்டு, பெரும்பொழுது வரிசையில் நிற்கவைத்துப் புகைப்படம் எடுத்துக் கொடுத்து அனுப்பும் இடங்களும் இருக்கின்றன. பயிற்றுநர் பக்கத்தில் அமர்கிறாரா, வெளியே நின்று ஒலிபெருக்கியில் பேசுகிறாரா என்பதையும், ஹெல்மெட், ஆம்புலன்ஸ், தீயணைப்பு ஏற்பாடுகளையும் விசாரிக்கத் தயங்க வேண்டாம். நல்ல பள்ளி இந்தக் கேள்விகளை மகிழ்ச்சியோடு எதிர்கொள்ளும்.

யாருடைய வண்டி என்பது தனியாகக் கவனிக்க வேண்டிய செய்தி. நம் தனியார் கார் இன்சூரன்ஸ் பாலிசிகளில், ஒழுங்குபடுத்தப்பட்ட பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்கு வண்டியைப் பயன்படுத்தினால் காப்பீடு செல்லாது என்ற நிபந்தனை எழுதப்பட்டிருக்கிறது. தந்தை வளைகுடாவில் உழைத்து அனுப்பிய பணத்தில் வாங்கிய காரை டிராக்கில் இறக்கிச் சேதமானால், இழப்பு முழுவதும் குடும்பத்தின் தலையில் விழக்கூடும். பள்ளியின் வண்டியில் கற்பதே நல்லது. சொந்த வண்டிதான் என்றால், இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

இனி நான் மிக முக்கியம் என்று கருதும் ஒன்றுக்கு வருகிறேன். நார்வே நாட்டில் 1979-ல் புதிய ஓட்டுநர்களுக்கு வழுக்குத் தளப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். பின்னர் ஆராய்ந்தபோது, பயிற்சி பெற்ற இளம் ஆண்களிடையே வழுக்குச் சாலை விபத்துகள் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தன. சறுக்கும் வண்டியை மீட்கத் தெரியும் என்ற துணிச்சல், திறமையைவிட வேகமாக வளர்ந்துவிட்டது என்பதே ஆய்வாளர்கள் கண்ட விளக்கம். அதன் பிறகு ஸ்காண்டிநேவிய நாடுகளில் இத்தகைய பயிற்சியின் நோக்கமே மாற்றி அமைக்கப்பட்டது. வண்டி எவ்வளவு எளிதில் கைமீறிப் போகும் என்பதை மாணவர் தன் உடலால் உணர்வதே இப்போது முதன்மை. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்று கரும்பலகையில் எழுதினால் பதினெட்டு வயதுக்காரன் தலையாட்டுவான். ஐம்பதில் ஒரு முறையும் நூறில் ஒரு முறையும் பிரேக் பிடிக்கவைத்து, இரண்டு இடங்களுக்கும் இடையிலான தூரத்தை அவனையே நடந்து அளக்கச் சொன்னால் அவனுக்கு மறக்காது. பயிற்சி முடிந்து திரும்பியவன் முன்வண்டிக்கு இடைவெளி விட்டு ஓட்டுகிறான் என்றால் அந்தப் பள்ளி நல்ல பள்ளி. திங்கள்சந்தையிலிருந்து நாகர்கோவிலுக்கு எத்தனை நிமிடத்தில் வந்தேன் என்று நண்பர்களிடம் பெருமை பேசுகிறான் என்றால், கட்டிய பணத்துக்கு ஆபத்தை வாங்கி வந்திருக்கிறான். ஆகவே பழைய மாணவர்களின் வீட்டாரோடு ஒரு முறையாவது பேசிவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பதினெட்டு நிறையாத பிள்ளைகளுக்குச் சாலையில் கார் கொடுக்கும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் ஒழியவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. ஆர்வம் அடங்காத சிறுவர்களுக்கு மூடிய தடத்தில் கார்ட் எனப்படும் சிறிய பந்தய வண்டியை ஓட்டும் பயிற்சி இருக்கிறது. தண்டவாளம் போன்ற நேர்ச்சாலையில் அப்பாவின் காரை மிதிப்பதைவிட அதில் கற்பது அதிகம்.

கட்டணம் கூடுதல்தான், மறுக்கவில்லை. அதிர ஒலிக்கும் சைலன்சருக்கும் அலாய் வீலுக்கும் அள்ளிக் கொடுக்கும் வீடுகள் அந்தத் தொகையை நல்ல டயருக்கும் இந்தப் பயிற்சிக்கும் செலவிடலாம். அதற்கும் வசதியில்லாத வீடுகளே இங்கே அதிகம் என்பதால் ஒரு கோரிக்கையை வைக்கிறேன். நம் மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. விடுமுறை நாட்களில் அவற்றின் விரிந்த தளங்கள் காலியாகக் கிடக்கின்றன. ஒரு தண்ணீர் லாரி, சில கூம்புகள், ஏ.பி.எஸ். உள்ள ஒரு கார், தகுதியுள்ள ஒரு பயிற்றுநர், அருகில் ஓர் ஆம்புலன்ஸ் இருந்தால், நாற்பது கிலோமீட்டர் வேகத்திலேயே ஈரத்தள பிரேக் பாடத்தை நம் பிள்ளைகளுக்கு ஊரிலேயே நடத்திவிடலாம். இதற்கு முன்வரும் கல்லூரி நிர்வாகத்தோடு பேசவும், பயிற்சிக்கு வரும் வண்டிகளின் பிரேக்கையும் டயரையும் என் பணிமனைச் செலவில் சோதித்துத் தரவும் ஆயத்தமாக இருக்கிறேன்.