வீரக்கதை மட்டும் போதாது, சொதப்பல் கதைகளும் வேண்டும்

விமானம் தாங்கிக் கப்பல் என்றாலே நம்மவர்கள் 1971, வங்கக் கடல், பதக்கம் என்று வீரக்கதைக்குத்தான் போகிறார்கள். அதெல்லாம் சொல்ல வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கப்பல்களில் நடந்த கூத்துகளைத் தமிழில் யாராவது எழுதி நான் படித்ததே இல்லை. எனக்கு இது பெரிய ஆதங்கம்.

பிரிட்டிஷ் கடற்படையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1983 ஜூன் மாதம், போர்ச்சுகல் பக்கம் கடலில் ஒரு பயிற்சி. இயன் வாட்சன் என்ற இளம் விமானி இல்லஸ்ட்ரியஸ் என்ற விமானம் தாங்கிக் கப்பலிலிருந்து சீ ஹாரியர் என்ற போர் விமானத்தில் கிளம்பிப் போகிறார். ரேடாரைப் போடக்கூடாது, ரேடியோவில் பேசக்கூடாது என்று உத்தரவு. வேலை முடிந்து திரும்பினால் தாய்க் கப்பலையே காணோம். வழிகாட்டும் கருவி வேலை செய்யவில்லை, ரேடியோவும் கைகொடுக்கவில்லை, எரிபொருள் தீர்ந்துகொண்டே வருகிறது. சரி, கப்பல்கள் போகிற பாதைப் பக்கமாவது போவோம் என்று திருப்பினால், அல்ரைகோ என்ற ஸ்பெயின் சரக்குக் கப்பல் கண்ணில் படுகிறது. அதன் அருகே குதித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்திருக்கிறார். அப்புறம் பார்த்தால் மேலே கன்டெய்னர்கள் தட்டையாக, ஒரு சின்ன மேடை மாதிரி. சீ ஹாரியர் செங்குத்தாக இறங்கக்கூடிய விமானமாயிற்றே, இறக்கிவிட்டார்! ஆனால் கன்டெய்னரின் மேல்பக்கம் ஈரம். விமானம் மெல்லப் பின்னால் வழுக்கி, கீழே நின்றிருந்த ஒரு பூக்கடை வேனின் மேல் வாலை வைத்து உட்கார்ந்துவிட்டது. கப்பல் தன் பாட்டுக்கு நாலு நாள் பயணம் செய்து ஸ்பெயினின் டெனெரிஃப் தீவுத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தபோது, வேன் மேல் போர் விமானம். கப்பல்காரர்களுக்குக் காப்பாற்றிய கூலியாக 5,70,000 பவுண்டு கொடுக்க வேண்டியிருந்தது.

அதே ரக சீ ஹாரியர்கள்தான் நம் விமானம் தாங்கிக் கப்பல்களான விக்ராந்திலும் விராட்டிலும் இருந்தன. 2016 வரை பறந்தன.

வேன் மேல் விமானம் உட்கார்ந்த கதையை பிரிட்டிஷ்காரர்கள் ஒளித்து வைக்கவில்லை. அந்த விமானத்தையே இங்கிலாந்தின் நியூவார்க் விமான அருங்காட்சியகத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சிரித்துக்கொண்டே கேட்கிறவன் அடுத்து என்ன கேட்பான்? பயிற்சியே முழுசாக முடியாத பையனை ஏன் அப்படி அனுப்பினார்கள் என்பான். விசாரணையில் பழி விமானியோடு நிற்கவில்லை, மேலதிகாரிகள் மேலும் விழுந்தது. வெறும் வீரக்கதையாக இருந்தால் அந்தக் கேள்வியே வராது.

அமெரிக்கர்களின் முதல் விமானம் தாங்கிக் கப்பல் லாங்லியில் புறாக்கூண்டு இருந்தது, தகவல் கொண்டுவர. சில சில புறாக்களாகப் பறக்கவிட்டால் ஒழுங்காகத் திரும்பும். ஒருநாள் மொத்தக் கூட்டத்தையும் திறந்துவிட்டார்கள். எல்லாம் நேராக, தாங்கள் பழகின நார்ஃபோக் கப்பல்கட்டும் தளத்துக்குப் போய் கிரேன்களில் உட்கார்ந்துகொண்டன. அப்புறம் அவை கடலுக்கே போகவில்லை.

1943லிருந்து அமெரிக்கக் கடற்படைப் பத்திரிகையில் கிராம்பா பெட்டிபோன் என்று ஒரு தாடிக்காரக் கிழவர் வருகிறார், ராபர்ட் ஆஸ்போர்ன் வரைந்த கார்ட்டூன். யாரோ ஒரு விமானி செய்த முட்டாள்தனத்தை எடுத்துப் போட்டு, தலையில் அடித்துக்கொண்டு திட்டுவார். தப்பு மட்டும் ஊருக்கெல்லாம் தெரியும், செய்தவன் யார் என்று தெரியாது. இதைவிட நல்ல பாடமுறை எனக்குத் தெரியவில்லை. 2021 நவம்பரில் பிரிட்டனின் குயின் எலிசபெத் கப்பலில் ஒரு எஃப்-35 போர் விமானம், எஞ்சினின் காற்று வாயில் போட்ட மூடியை எடுக்காமல் ஓடி, மேலெழும்ப முடியாமல் கடலில் விழுந்தது. விமானி பிழைத்துவிட்டார். எவ்வளவு விலையுள்ள விமானம், எவ்வளவு சின்ன மூடி! இந்த மாதிரி ஒன்றை நூறு பேர் சொல்லிச் சிரித்திருந்தால், நூற்றியோராவது ஆள் கிளம்புவதற்கு முன் ஒருமுறை குனிந்து பார்ப்பான்.

நம் கதைக்கு வருகிறேன். மும்பை சயானில் எங்கள் கட்டடத்தில் ஒரு தூத்துக்குடி அண்ணாச்சி இருக்கிறார், கடற்படையில் விமானங்களைப் பராமரித்து ஓய்வு பெற்றவர். ஒரு ஸ்பானர் கணக்கில் குறைந்ததால், அது எஞ்சினுக்குள் போய்விட்டால் ஆபத்து என்று பறப்பதையே நிறுத்திவிட்டு, டெக்கில் எல்லோரும் தோளோடு தோள் வரிசையாகக் குனிந்து தேடிய கதையை அவர் கையையும் காலையும் ஆட்டிச் சொல்லும்போது பால்கனியில் இருக்கும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்போம். கடைசியில் அது தேடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தவரின் பைக்குள்ளேயே இருந்ததாம். "இதை எழுதுங்க அண்ணாச்சி" என்றால், "ஏ தம்பி, சும்மா இரும், கப்பல் மானம் போயிரும்" என்கிறார். மானம் ஏன் போகிறது? ஒரு ஸ்பானருக்காக மொத்தக் கப்பலும் நின்றது என்பது அந்தக் கப்பலுக்குப் பெருமை அல்லவா?

பழைய விக்ராந்த் இந்த மும்பையில் அருங்காட்சியகமாக நின்றது. 2014ல் இங்கேயே தாருகானாவில் உடைத்துவிட்டார்கள், அதன் இரும்பு மோட்டார் பைக்காக மாறி ரோட்டில் ஓடியது. விராட் 2020ல் உடைபடுவதற்காக குஜராத்தின் அலங்குக்குப் போனது. இனி இருப்பது அதில் வேலை பார்த்தவர்களின் ஞாபகம் மட்டும்தான், அவர்களுக்கும் வயதாகிக்கொண்டே போகிறது.

செம்பூர், சயான், மாட்டுங்கா, தாராவி பக்கம் உங்கள் வீட்டில் அப்படி ஒரு அப்பாவோ மாமாவோ தாத்தாவோ இருந்தால் உட்கார்த்தி வைத்துப் பேசச் சொல்லுங்கள், போனில் பதிவு செய்யுங்கள். ரகசியம் எதுவும் வேண்டாம், ஆள் பெயரும் வேண்டாம். எழுதித் தர ஆள் இல்லையென்றால் பதிவை எனக்கு அனுப்புங்கள், நான் உட்கார்ந்து எழுதித் தருகிறேன். அண்ணாச்சியையும் விடப்போவதில்லை, தீபாவளிக்குள் ஒத்துக்கொள்ள வைத்துவிடுவேன்.