எந்தக் காட்டை முதலில் காப்பது?

பணமும் ஆளணியும் போதாத நாட்டில் எல்லாக் காடுகளையும் ஒரேயடியாகக் காக்க முடியாது. ஆனால் எதை முதலில் காப்பது என்பதை எந்த அளவுகோல் தீர்மானிக்கிறது என்று மட்டக்களப்பு, அம்பாறை மக்களாகிய நாம் கேட்டாக வேண்டும்.

உலகில் முதலில் காக்க வேண்டிய பல்லுயிர்ச் செறிவிடங்களைப் பட்டியலிட, சூழலியலாளர் நோர்மன் மயர்ஸ் 1988இல் தொடங்கி 2000இல் செம்மைப்படுத்திய அளவுகோலின்படி, ஒரு பிரதேசத்துக்கேயுரிய கலன்தாவர (நீரைக் கடத்தும் குழாய்த் திசுக்கள் உள்ள தாவர) இனங்கள் 1,500 ஆவது அங்கிருக்க வேண்டும். அதன் இயற்கைத் தாவரப்பரப்பில் 70 வீதமாவது அழிந்திருக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையும் இலங்கையும் ஒரே அலகாக அப்பட்டியலில் உள்ளன. நாட்டுக்குள் வந்து பார்த்தால், நமக்கேயுரிய இனங்களில் பெரும்பாலானவை சிங்கராஜவைப் போன்ற ஈர வலயக் காடுகளில் இருக்கின்றன. ஒரேயொரு மலைச்சரிவில் வாழும் தவளைக்கு அச்சரிவு அழிந்தால் வேறு போக்கிடம் இல்லை என்பதால், அக்காடுகளுக்கு முதலிடம் கொடுப்பதை நான் மனதார ஏற்கிறேன்.

அந்தக் கணக்கோடு நிறுத்திக்கொள்வதைத்தான் ஏற்க முடியவில்லை. நம் வாவிக்கரைக் கண்ணாக்கள், அதாவது கண்டல் மரங்கள், இந்து சமுத்திரக் கரைகள் பலவற்றிலும் வளர்பவை. இன எண்ணிக்கையில் அவற்றுக்கு மதிப்பெண் கிடைக்காது. ஆனால் இறாலும் மீனும் குஞ்சுப் பருவத்தைக் கழிப்பது அவற்றின் வேரடியில்தான், வாவி மீனவரின் அன்றாட உழைப்பும் அதை நம்பியே இருக்கிறது.

யானையின் நிலை இன்னும் சிக்கலானது. இலங்கை நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 வீதத்தில் யானைகள் நடமாடுகின்றன என்றும், அப்பரப்பின் ஏறத்தாழ 70 வீதத்தில் மக்களும் குடியிருக்கிறார்கள் என்றும் நாடளாவிய ஆய்வொன்று காட்டியது. அப்படியிருக்க, கல்லோயா, லகுகலை போன்ற பூங்காக்களின் எல்லைக்குள் மட்டும் யானையைக் காத்துவிடலாம் என்பது நடவாத காரியம். மின்வேலிகள் பலவும் வனத் திணைக்களக் காட்டுக்கும் வனசீவராசிகள் திணைக்களக் காட்டுக்கும் இடையில் போடப்பட்டன. வேலியின் இரு பக்கமும் காடு, இரு பக்கமும் யானை. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வேளாண்மை செய்பவர் இரவெல்லாம் பரணில் விழித்திருக்க, காட்டுக்கு நடுவே வேலி போட்டு யாருக்கு என்ன பயன்?

வேலி ஊரைச் சுற்றி வர வேண்டும். வயலைச் சுற்றிப் போகத்துக்குப் போகம் போட்டு, அறுவடை முடிந்ததும் கழற்றினால், வெட்டிய வயலில் யானை மேய்ந்து போகும். ஈர வலயத்தில் இனங்களின் அருமையை முதலில் பார்ப்பது சரிதான். கிழக்கில் யானை நடக்கும் வழியையும் வாவியின் கண்ணாக்கரையையும் முதலில் பார்க்க வேண்டும். அவற்றைப் பிரதேச செயலக மட்டத்தில், விவசாயிகளும் பண்ணையாளர்களும் மீனவர்களும் உடனிருந்து வரைபடத்தில் குறிக்காதவரை, அங்குள்ள ஒரு துண்டு நிலத்தையும் எந்தத் திட்டத்துக்கும் விடுவிக்கக் கூடாது.