ஆடிக்காற்றில் ஒரு விண்கலம்

பொம்மை செய்யும் லெகோ நிறுவனம் 2017இல் வெளியிட்ட, துண்டுகளை இணைத்துக் கட்டும் மில்லேனியம் ஃபால்கனில் (ஸ்டார் வார்ஸ் படத்தில் வரும் தட்டு வடிவ விண்கலம்) 7,541 துண்டுகள் உள்ளன, நீளம் சுமார் 84 செ.மீ. என்றெல்லாம் மதிப்பீடு எழுதுபவர்கள், ஷோகேஸில் நுழையாத அதைப் பல்லடத்து ஆடிக்காற்றில் எங்கே வைப்பது என்று மட்டும் சொல்வதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே புகும் காற்று இங்கே கிளப்பும் செம்மண் தூசி, மேலே நெருக்கமாகப் பதித்த குமிழ்களுக்கிடையே படிந்துவிடுகிறது. துணியால் துடைத்தாலோ, சாம்பல் நிறத் துண்டொன்று கழன்று உள்ளே விழுந்து கிலுகிலுக்கிறது. (எந்தத் துண்டென்று கண்டுபிடிப்பது தனிக் கொடுமை.) பெயின்ட் பிரஷ்ஷால் ஒரு மணி நேரம் தட்டி முடித்த அன்றே சன்னலைத் திறந்துவிட்ட அத்தை, "ஏனுங் மாப்பிள்ளை, இந்தத் தட்டைக் கவுத்து வெச்சா தூசி உழுகாதுங்களே" என்றார்.