எதிலிருந்து ஃப்ரீ?

'ஃப்ரீ' என்று எங்கே எழுதியிருந்தாலும் 'இலவசம்' என்று படித்துப் பழகிவிட்டோம். ஆடித் தள்ளுபடிக்கு அந்தப் பொருள் போதும். பிஸ்கட் பாக்கெட்டுக்கும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுக்கும் போதாது. எதன் பிடியிலும் இல்லாதது என்பதுதான் இந்தச் சொல்லின் அடிப்படை. விலையின் பிடியில் இல்லாவிட்டால் இலவசம்; வேலையின் பிடியில் இல்லாதவர் 'ஃப்ரீயா இருக்கார்'. அதனால் ஒவ்வொரு இடத்திலும் 'எதிலிருந்து ஃப்ரீ?' என்று கேட்டே ஆக வேண்டும்.

அதிகம் ஏமாறுவது 'சுகர் ஃப்ரீ'யில். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிப்படி, 100 கிராமில் சர்க்கரை 0.5 கிராமைத் தாண்டாவிட்டால் அப்படிப் போட்டுக்கொள்ளலாம். அந்தக் கணக்கில் மைதாவின் மாவுச்சத்து வராது. ஆனால் மாவுச்சத்தும் வயிற்றுக்குள் போய்க் குளுக்கோஸாகத்தான் மாறுகிறது. சுகர் ஃப்ரீ பிஸ்கட்டில் 100 கிராமுக்கு 60 கிராமுக்கு மேல் கார்போஹைட்ரேட் இருப்பது சாதாரணம். நீரிழிவு உள்ளவர்கள் பாக்கெட்டின் முன்பக்கத்தை விட்டுவிட்டு, பின்பக்க அட்டவணையில் 'கார்போஹைட்ரேட்' வரியைப் பாருங்கள். அதன் கீழே இருக்கும் 'சுகர்' வரி மட்டும் பூஜ்யமாக இருந்து பயனில்லை. சேர்மானப் பட்டியலில் மால்டிடால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பு) இருந்தால், சர்க்கரையில் பாதியளவு கலோரி அதிலும் உண்டு. அளவு மீறினால் வயிற்றுப்போக்கும் வரும்.

லாக்டோஸ் ஃப்ரீ பாலும் இப்படித்தான். பாலில் இயல்பாக இருக்கும் சர்க்கரையான லாக்டோஸை நொதி போட்டு குளுக்கோஸ், கேலக்டோஸ் என்று உடைத்துவிடுகிறார்கள். பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் பொதுவாக மொத்தச் சர்க்கரை குறைவதில்லை, சற்றுக் கூடுதலாகவே இனிக்கும். கடலை எண்ணெயில் 'கொலஸ்ட்ரால் ஃப்ரீ' என்று போடுவதைப் பெருமையாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்ட்ரால் சொல்லும்படி இருப்பதில்லை.

அடுத்தது தைராய்டு ரிப்போர்ட். அதில் வரும் 'ஃப்ரீ டி4' எதுவும் இல்லாததைக் குறிப்பதல்ல. ரத்தத்தில் ஓடும் டி4 ஹார்மோனில் ஏறக்குறைய 99.97 சதவீதம் புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒட்டாமல் தனித்திருக்கும் மிச்சம்தான் ஃப்ரீ. செல்லுக்குள் போய் வேலை செய்வது அந்தத் துளிதான். குழப்பம் எங்கே வருகிறது என்றால், போன தடவை 'டோட்டல் டி4' (ஒட்டியதும் ஒட்டாததும் சேர்ந்தது) 8 என்று வந்திருக்கும், இந்தத் தடவை 'ஃப்ரீ டி4' 1.2 என்று வரும். ஹார்மோன் சரிந்துவிட்டது என்று வீடே கலங்கும். முதல் எண் டெசிலிட்டருக்கு மைக்ரோகிராம், இரண்டாவது நானோகிராம். இரண்டும் வேறு வேறு பரிசோதனைகள், பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது. இங்கே சொன்ன இரண்டு எண்களுமே பெரியவர்களுக்கு வழக்கமான அளவுதான். கர்ப்பிணிகளுக்கு ஒட்டும் புரதம் கூடுவதால் டோட்டல் டி4 தானாகவே ஏறும். ரிப்போர்ட்டை யாரிடம் காட்டினாலும் 'டி4' என்று மொட்டையாகச் சொல்லாமல், முன்னால் இருக்கும் அந்த ஒரு சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

குடிநீரில் 'ஃப்ரீ குளோரின்' என்பதும் இதே வகை: அம்மோனியா முதலியவற்றோடு சேராமல், கிருமியைக் கொல்லத் தயாராக இருக்கும் குளோரின். இந்தியத் தர நிர்ணயப்படி குழாய்முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். இதைச் சோதிக்கும் டிபிடி 1 மாத்திரையை எடுத்துவைத்த தண்ணீரில் போட்டதும் அது இளஞ்சிவப்பாகும். உடனே நிற அட்டையோடு ஒப்பிட்டுவிட வேண்டும், தாமதித்தால் சேர்ந்துபோன குளோரினும் நிறம் காட்டிக் கணக்கைக் கெடுக்கும். மூக்கைத் துளைக்கும் நெடியை வைத்து 'நிறைய மருந்து போட்டிருக்கிறார்கள்' என்று நம்பிவிடாதீர்கள். அந்த நெடி பெரும்பாலும் சேர்ந்துபோன குளோரினுடையது.

மென்பொருளில் நம் மொழி ஆங்கிலத்தைவிடத் தெளிவாக இருக்கிறது. யாரும் மாற்றிப் பகிரக்கூடிய இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனூ திட்டத்தை 1983இல் அறிவித்து 'ஃப்ரீ சாஃப்ட்வேர்' இயக்கத்தைத் தொடங்கிவைத்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். 'ஃப்ரீ என்றால் சுதந்திரம், விலையில்லாதது அல்ல' என்று அந்த இயக்கத்தார் பல காலமாக விளக்கிக்கொண்டே இருக்கிறார்கள். இயக்க, ஆராய்ந்து மாற்ற, பகிர, மாற்றியதைப் பகிர என நான்கு உரிமைகள் இருந்தால் போதும், காசுக்கு விற்றாலும் அது ஃப்ரீ. தமிழில் 'கட்டற்ற மென்பொருள்' என்றதும் விஷயம் முடிந்துவிடுகிறது. வாட்ஸ்அப் இலவசம், ஆனால் கட்டற்றது இல்லை. 'ஃப்ரீ சாஃப்ட்வேர்' என்பதைப் போய் 'இலவச மென்பொருள்' என்று இன்னமும் மொழிபெயர்ப்பவர்கள் கையில் இருக்கும் நல்ல சொல்லை வீணடிக்கிறார்கள்.

எழுதும்போது செய்யும் ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். காசில்லாமல் கொடுத்தோம் என்பதற்கு 'கிவன் ஃப்ரீலி' என்று எழுதுகிறார்கள். 'ஃப்ரீலி' என்றால் தடையின்றி, தாராளமாக என்றுதான் அர்த்தம். காசில்லை என்று சொல்ல 'கிவன் ஃப்ரீ', இல்லையென்றால் 'ஃப்ரீ ஆஃப் சார்ஜ்'. அறிவிப்புப் பலகையிலும் அழைப்பிதழிலும் இந்த 'லி'யை எடுத்துவிடுங்கள்.