உலகின் சிறந்த மிருகக்காட்சிசாலை எது? என் வரிசை கொஞ்சம் வேறு மாதிரி

'உலகின் தலைசிறந்த பத்து மிருகக்காட்சிசாலைகள்' என்று மாதத்துக்கு ஒரு பட்டியலாவது கண்ணில் பட்டுவிடுகிறது. யார் போட்டாலும் பெயர்கள் ஏறக்குறைய அவைதான். சான் டியேகோ, சிங்கப்பூர், வியன்னா, பெர்லின், பிராங்க்ஸ், கொஞ்சம் தள்ளி சிட்னி. எத்தனை ஏக்கர், எத்தனை இனம், பாண்டா உண்டா இல்லையா என்பதுதான் மதிப்பெண். நகைக்கடை திறப்பு விழா விளம்பரம் மாதிரி, எத்தனை மாடி, எத்தனை லட்சம் டிசைன் என்ற கணக்கு.

இந்த அளவுகோலே எனக்கு ஒத்துவரவில்லை. கையில் காசிருந்தால் எந்தப் பூங்காவும் எந்த விலங்கையும் கொண்டுவந்து நிறுத்திவிடலாம். அதன் வாசலைத் தாண்டி வெளியே போனது என்ன? அங்கே பிறந்தது ஏதாவது காட்டுக்குத் திரும்பியதா? இந்த விலங்கை நம்மால் நன்றாக வைத்துக்கொள்ள முடியாது என்று தெரிந்தபின் விட்டுக்கொடுத்தார்களா? இந்தக் கேள்விகளை வைத்து என் வரிசையைப் போட்டிருக்கிறேன். நேரில் பார்த்தவை சில, மற்றவை பல வருடமாகப் படித்துச் சேர்த்தவை. பெர்லின் ரசிகர்கள் மன்னிக்கவும்.

முதலிடம் ஜெர்சி. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே, பிரான்சை ஒட்டிக் கிடக்கும் சின்னத் தீவு. 1959-ல் இங்கே பூங்கா தொடங்கிய ஜெரால்ட் டரல் பிறந்தது நம்ம ஜாம்ஷெட்பூரில், 1925-ல். சின்னமாக அவர் தேர்ந்தெடுத்தது டோடோவை. மொரீஷியஸில் 17-ஆம் நூற்றாண்டிலேயே மனிதர்கள் அழித்துத் தீர்த்த பறவை. இன்று அங்கே போனால் யானையும் இல்லை, ஒட்டகச்சிவிங்கியும் இல்லை. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு முதல் அரை மணி நேரம் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்த டோடோவின் தீவிலேயே இவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 1974-ல் மொரீஷியஸ் கெஸ்ட்ரல் என்ற சிறு வல்லூறு காட்டில் நான்கே நான்குதான் இருந்தன. காடு போயிற்று, டிடிடி பூச்சிமருந்து வந்தது, வெளியிலிருந்து வந்த எலியும் கீரியும் குரங்கும் கூட்டைச் சூறையாடின. முதல் ஈட்டு முட்டைகளைக் கூட்டிலிருந்து எடுத்துவிட்டால் தாய் இன்னொரு ஈடு இடும். எடுத்ததை இன்குபேட்டரில் பொரிக்கவைத்து, குஞ்சுகளை வளர்த்துத் திரும்பவும் காட்டில் விட்டார்கள். இன்று அந்தப் பறவை நூற்றுக்கணக்கில் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு என்ற நிலைக்கு வந்துவிட்ட இளஞ்சிவப்புப் புறாவையும் இப்படித்தான் மீட்டார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமானது அஸ்ஸாம் கதை. உலகத்திலேயே மிகச் சிறிய பன்றி, ஒரு அடி உயரம்கூட வராத குள்ளப் பன்றி, மானஸ் புல்வெளிகளில் மட்டும் மிஞ்சியிருந்தது. 1996-ல் அங்கே ஆறு பன்றிகளைப் பிடித்தார்கள். பிடித்ததை ஜெர்சிக்குக் கப்பலேற்றவில்லை. குவாஹாட்டி பக்கத்திலேயே மையம் வைத்து, அந்த ஊர் ஆட்களையே வைத்து இனப்பெருக்கம் செய்தார்கள். 2008 முதல் புல்வெளிகளில் விட்டுக்கொண்டிருக்கிறார்கள், இதுவரை நூற்றைம்பதுக்கு மேல். ஜெர்சிக்கு டிக்கெட் வாங்கிப் போகிறவர் அந்தப் பன்றியைப் பார்க்கவே போவதில்லை. அது தெரிந்தே பணத்தை அஸ்ஸாமுக்கு அனுப்பும் பூங்காவுக்கு முதலிடம் தராமல் வேறு யாருக்குத் தருவது?

இரண்டாவது சான் டியேகோ. பெரிய பட்டியல்களில் எப்போதும் முதலில் நிற்பது. காரணம் தப்பு, இடம் கிட்டத்தட்ட சரி. கலிஃபோர்னியா காண்டோர், இறக்கை விரித்தால் மூன்று மீட்டர் வரும் பிணந்தின்னிக் கழுகு, 1982-ல் மொத்தமே 22 தான் மிச்சம். வேட்டைக்காரர்கள் சுட்டுப் போட்ட விலங்கைத் தின்னும்போது அதிலுள்ள ஈயக் குண்டும் வயிற்றுக்குள் போய் விஷமாகிக் கொன்றது. 1987-ல் ஒரு துணிச்சலான முடிவெடுத்து, கடைசிப் பறவை வரை பிடித்துக் கூண்டுக்குள் கொண்டுவந்தார்கள். அப்போது கையில் இருந்தது 27. காட்டில் ஒன்றுகூட இல்லை. இதைக் கடுமையாக எதிர்த்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் வாதத்திலும் நியாயம் இருந்தது. கூண்டில் குஞ்சு பொரிக்கவில்லை என்றால் கதை அத்தோடு முடிந்திருக்கும். சான் டியேகோவும் லாஸ் ஏஞ்சலஸும் சேர்ந்து பெருக்கின. மனித முகத்துக்குப் பழகிவிடக் கூடாது என்று, கையில் காண்டோர் தலை போன்ற பொம்மையை மாட்டிக்கொண்டு குஞ்சுகளுக்கு ஊட்டினார்கள். 1992-ல் மறுபடி வெளியே விடத் தொடங்கினார்கள். இன்று மொத்தம் 500-க்கு மேல், அதில் பாதிக்கு மேல் வானத்தில்.

அங்கே 1975 முதல் உறையவைத்த செல் சேமிப்பு ஒன்றும் இருக்கிறது. 1980-ல் உறையவைத்த செல்லிலிருந்து 2020-ல் ஒரு மங்கோலியக் காட்டுக்குதிரைக் குட்டி பிறந்தது. இப்படியெல்லாம் செய்கிற இடம் முதலிடத்துக்கு ஏன் வரவில்லை என்றால், பாண்டா மோகம். 2024-ல் சீனாவிலிருந்து மறுபடி இரண்டு வந்தபோது நடந்த ஆரவாரத்தைப் பார்த்தபின், காண்டோரை நினைத்து எத்தனை பேர் அந்த 70 டாலருக்கு மேல் போகும் டிக்கெட்டை வாங்குகிறார்கள் என்ற சந்தேகம் எனக்கு.

மூன்றாவது பிராக். அதே மங்கோலியக் காட்டுக்குதிரை, பிரெஸ்வால்ஸ்கி குதிரை என்பார்கள். காட்டில் கடைசியாகக் கண்ணில் பட்டது 1960-களின் இறுதியில். இன்று உயிரோடிருக்கும் எல்லாமே விரல்விட்டு எண்ணக்கூடிய சில மூதாதைகளின் வாரிசுகள். எது யாருக்குப் பிறந்தது, எதை எதோடு சேர்க்கலாம் என்ற வம்சாவளிப் பதிவேட்டை உலகம் முழுவதற்குமாக வைத்திருப்பது பிராக். நெருங்கிய உறவில் சேராமல் பார்த்துக்கொள்வதுதான் வேலையே. கல்யாணத் தரகர்களைவிடப் பொறுப்பான வேலை. 2011 முதல் செக் ராணுவ விமானத்தில் குதிரைகளை ஏற்றி மங்கோலியாவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். 2024-ல் கஜகஸ்தானுக்கும் போனார்கள். இத்தனைக்கும் 2002 வெள்ளத்தில் பாதிப் பூங்கா மூழ்கி, காஸ்டன் என்ற கடல்சிங்கம் ஆற்றோடு ஜெர்மனி வரை நீந்திப் போய், பிடிபட்டபின் செத்த ஊர் அது.

சிங்கப்பூருக்கு நான்காவது இடம் என்றால் அங்கிருக்கும் என் சொந்தக்காரர்கள் என்னை வீட்டுக்குள் விட மாட்டார்கள். சுற்றிப் பார்க்கும் சுகம் மட்டும் கணக்கென்றால் மறுபேச்சில்லை, முதலிடம் அதற்குத்தான். 1973-ல் திறந்தபோதே கம்பிகளைத் தவிர்த்து, அகழியும் செடியும் வைத்து மறைத்தவர்கள். 1994-ல் வந்த இரவு சஃபாரி உலகிலேயே முதல். வண்டியில் போகும்போது நிலா வெளிச்சம் போன்ற மங்கலில், குட்டித் தும்பிக்கை மாதிரி மூக்கு வைத்த மலேயா தபீர் பக்கத்தில் வந்து நிற்கும். அந்த அனுபவத்தை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

ஆனால் நான் சிங்கப்பூருக்கு மதிப்பெண் போடுவது இனூக்காவுக்காக. வெப்பமண்டலத்தில் பிறந்த முதல் துருவக் கரடி, 1990-ல். பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் பனிக்கரடி! 2004-ல் ரோமத்துக்குள் பாசி பிடித்து அதுவும் தாயும் பச்சை நிறமானதெல்லாம் நடந்தது. இனிமேல் துருவக் கரடி கொண்டுவருவதில்லை என்று 2006-லேயே முடிவெடுத்தார்கள். இனூக்காவுக்கு மட்டும் குளிரூட்டிய புது இடம் கட்டி, வயதாகி, நோய் முற்றி 2018-ல் கருணைக்கொலை செய்யும்வரை பார்த்துக்கொண்டார்கள். கூட்டம் சேர்க்கும் ஒரு விலங்கை இப்படிக் கைவிட எத்தனை பூங்காக்களுக்கு மனசு வரும்? அமெரிக்காவின் டெட்ராய்ட் பூங்கா செய்தது. பனியில் யானைகளை வைத்திருப்பது சரியில்லை என்று சொல்லி, 2005-ல் தன் இரண்டு யானைகளையும் கலிஃபோர்னியாவில் ஒரு சரணாலயத்துக்கு அனுப்பிவிட்டது.

பிராங்க்ஸை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. 1907 அக்டோபரில் நியூயார்க்கின் அந்தப் பூங்காவிலிருந்து 15 அமெரிக்கக் காட்டெருமைகளை (பைசன்) ரயிலேற்றி ஓக்லஹோமா புல்வெளிக்கு அனுப்பினார்கள். கோடிக்கணக்கில் கொன்று குவித்தபின் சில நூறாகச் சுருங்கியிருந்த விலங்கு. பூங்காவில் வளர்ந்ததைத் திரும்பக் காட்டுக்கு அனுப்பும் வேலைக்கே அதை ஆரம்பப் புள்ளி என்று சொல்லலாம். என் அளவுகோல்படி அதற்கு முதல் மூன்றில் இடம் வேண்டும். ஆனால் அதற்கு ஒரு வருடம் முன்னால், 1906 செப்டம்பரில், அதே பூங்காவின் குரங்கு வீட்டில் ஓட்டா பெங்கா என்ற காங்கோ மனிதரைக் காட்சிக்கு வைத்தார்கள். இரண்டு சமயத்திலும் இயக்குநர் ஒரே ஆள், வில்லியம் ஹார்னடே. கறுப்பினப் பாதிரியார்கள் போராடிய பிறகுதான் பெங்காவை வெளியே விட்டார்கள். 1916-ல் அவர் தற்கொலை செய்துகொண்டார். பூங்காவை நடத்தும் அமைப்பு மன்னிப்புக் கேட்டது 2020-ல். எருமையின் அழிவுக்கு மனம் நொந்த ஒருவருக்கு ஒரு மனிதனைக் கூண்டில் பார்க்கையில் ஒன்றும் தோன்றவில்லை. இதற்கு நான் எப்படி எண் போடுவது? போடவில்லை.

இந்த விஷயத்தில் நம் பக்கத்துக்கும் தொடர்பு உண்டு. கம்பியில்லாமல் அகழி வைத்து விலங்கைக் காட்டும் முறையை 1907-ல் ஹாம்பர்கில் பிரபலமாக்கிய கார்ல் ஹாகன்பெக், அதற்குமுன் இலங்கையிலிருந்தெல்லாம் மனிதர்களைக் கூட்டிப்போய் ஐரோப்பாவில் காட்சி நடத்தியவர். கொழும்பை ஒட்டிய தெஹிவளை மிருகக்காட்சிசாலையின் தொடக்கமே அவருடைய மாற்றாந்தாய்த் தம்பி ஜான் ஹாகன்பெக், பிடித்த விலங்குகளை ஏற்றுமதிக்கு வைத்திருந்த இடம்தான். 1936-ல் அரசு எடுத்துக்கொண்டது.

ஐந்தாவது வியன்னா. 1752-ல் தொடங்கி இன்றுவரை நடக்கும் ஒன்று, உலகிலேயே பழையது. நடுவே அரசர் காலை உணவு சாப்பிட்ட மண்டபம் இருக்கிறது. எனக்கு அது முக்கியமில்லை. வங்காளத்து ஆற்று ஆமையான படாகுர் பாஸ்கா, உலகிலேயே முதல்முறையாக 2010-ல் கூண்டில் குஞ்சு பொரித்தது அங்கேதான். அந்த அனுபவத்தைக் கொண்டுபோய் வங்கதேசத்திலேயே வளர்ப்பு மையம் அமைக்க உதவினார்கள். ஆறாவது லண்டன், அதுவும் நத்தைக்காக. பாலினேசியத் தீவுகளில் ஆப்பிரிக்க ராட்சத நத்தையை ஒழிக்கிறேன் என்று கொன்றுதின்னும் வேறொரு நத்தையைக் கொண்டுவந்து விட, அது உள்ளூர் மர நத்தைகளைத் தீர்த்துக்கட்டியது. சுண்டுவிரல் நகமளவு நத்தைகளைப் பல பூங்காக்கள் பெட்டிகளில் வளர்த்துத் திரும்ப அனுப்பின. அதில் ஒரு இனம் காட்டில் மறுபடி இனம்பெருக்கியது 2024-ல் உறுதியானது. அந்தப் பெட்டி முன்னால் வரிசை நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

வரிசை நிற்பது வெள்ளைப் புலிக்கு. இதை நான் எங்கே சொன்னாலும் சண்டை. வெள்ளைப் புலி தனி இனம் கிடையாது. 1951-ல் ரேவா காட்டில் பிடித்த மோகன் என்ற குட்டியை அதன் சொந்த மகளோடே சேர்த்துப் பெருக்கிய வம்சம். வெள்ளை நிறம் தரும் மரபணுவாலேயே மாறுகண், நெருங்கிய உறவில் சேர்த்ததால் வேறு பல குறைகள். காட்டுக்கு அனுப்ப ஒன்றும் இல்லாத விலங்கு அது, கூட்டத்துக்காக மட்டும் பிறந்தது. வெள்ளைப் புலியைப் போஸ்டரில் போடும் பூங்காவுக்கு என்னிடம் மதிப்பெண் குறையும், அது உலகில் எங்கே இருந்தாலும்.

இந்தியாவில் என் முதலிடம் டார்ஜிலிங். 2003-ல் அங்கே வளர்ந்த இரண்டு சிவப்பு பாண்டாக்களை சிங்கலீலா காட்டில் விட்டார்கள். மகாபலிபுரம் சாலையில் இருக்கும் முதலைப் பண்ணையையும் நான் பூங்காக் கணக்கில்தான் சேர்ப்பேன். 1976-ல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கியது. சதுப்புநில முதலையை ஆயிரக்கணக்கில் பெருக்கினார்கள், பல மாநிலங்களுக்கு விடக் கொடுத்தார்கள். பிறகு விட இடமில்லாமல் போயிற்று. ஆற்றில் மணல் அள்ளுகிறவனும் துணி துவைக்கிறவளும் இருக்கும் கரையில் முதலையை யார் விடுவார்கள்? என் அளவுகோலின் ஓட்டை இதுதான். வெளியே அனுப்பப் பூங்கா தயாராக இருந்தாலும் வெளி தயாராக இருக்க வேண்டும்.

வண்டலூரைப் பற்றிக் கேட்பீர்கள். 1855-ல் மெட்ராஸ் மியூசியம் வளாகத்தில் தொடங்கி, 1985-ல் இந்த இடத்துக்கு வந்தது. 602 ஹெக்டேர், வியன்னாவின் 17 ஹெக்டேரை அதற்குள் முப்பது முறை வைக்கலாம். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத சிங்கவால் குரங்கு அங்கே குட்டி போடுகிறது. அந்தக் குட்டிகளில் ஒரு கூட்டமாவது ஆனைமலைச் சோலைக்குப் போனால் நானே முதல் மூன்றில் போடுவேன். போக முடியுமா என்பது வேறு கேள்வி. வால்பாறை புதுத்தோட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் கூட்டத்துக்கே சோலை துண்டுதுண்டாகி, சாலையைக் கடந்து வீடுகளில் இறங்கிச் சாப்பாடு தேடும் நிலைமை. அதுவரை வண்டலூருக்கு நான் எண் போடவில்லை.