ஜீன் டெஸ்ட் எழுதினால் பரம்பரை நோய் என்று அர்த்தமில்லை

"ரத்தப் புற்றுநோய்க்கு டாக்டர் ஜீன் டெஸ்ட் எழுதினால் அது பரம்பரை நோய், பிள்ளைகளுக்கும் கட்டாயம் வரும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றி வருகிறது. இது தவறு.

அந்தப் பரிசோதனை பெரும்பாலும் தேடுவது, நோயுற்ற செல்களில் இடையில் உண்டான மாற்றத்தை. அது பெற்றோரிடமிருந்து வந்ததும் இல்லை, பிள்ளைகளுக்குப் போவதும் இல்லை. நாள்பட்ட மைலாய்டு லுகேமியா என்ற ஒரு வகை ரத்தப் புற்றுநோயையே எடுத்துக்கொள்ளுங்கள். எலும்பு மஜ்ஜையின் ஒரு செல்லில், ஜீன்களைத் தாங்கும் குரோமோசோம்களில் 9ஆம், 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அப்படிக் குட்டையாகிப்போன 22ஆம் குரோமோசோமை 1960இல் கண்டுபிடித்தார்கள். பிலடெல்பியா குரோமோசோம் என்று பெயர். துண்டுகள் இடம் மாறியதால்தான் அது குட்டையானது என்பதை 1973இல் அமெரிக்க விஞ்ஞானி ஜேனட் ரௌலி காட்டினார். அந்த ஒட்டு உருவாக்கும், நோயை வளர்க்கும் புரதத்தை அடக்கும் இமாடினிப் மாத்திரைக்கு 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பலருக்குத் தினசரி மாத்திரையோடு கட்டுக்குள் இருக்கும் நோயாக அதை மாற்றியது இந்த ஜீன் அறிவுதான். எனவே பரிசோதனையைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். எந்த மருந்து பொருந்தும், சிகிச்சை வேலை செய்கிறதா என்பதெல்லாம் அதில்தான் தெரியும்.

சரி, பரம்பரையாக வருவதே இல்லையா? சில குடும்பங்களில் உண்டு, ஆனால் குறைவு. அதற்குத் தனிப் பரிசோதனை இருக்கிறது. சந்தேகம் இருந்தால் ரத்தவியல் மருத்துவரிடம் கேளுங்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இணையதளத்திலும் பார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போட்டுவிடுங்கள்.