ஜான்சன் சொன்னதை ஜான்சன் பெயரிலேயே போடுங்கள்

நேற்றைய சண்டை உங்களில் பலருக்குத் தெரியும். "தேசபக்தி அயோக்கியனின் கடைசிப் புகலிடம்" என்ற வரியை நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா படத்தோடு போட்டிருந்தார்கள். அது பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் சொன்னது என்று பணிவாகத்தான் எழுதினேன். அதற்குப் போய் எத்தனை வசவு! யார் சொன்னால் என்ன, கருத்துதானே முக்கியம் என்று அறிவுரை வேறு.

யார் சொன்னார் என்பது முக்கியம். ஜான்சன் அதைச் சொன்னது 1775 ஏப்ரல் 7 அன்று. ஷா பிறந்ததே 1856இல்தான். ஜான்சன் சாடியது உண்மையான நாட்டுப்பற்றை அல்ல, சுயநலத்தை மறைக்கப் போர்த்திக்கொள்ளும் போலிப் பற்றைத்தான் என்று ஜான்சன் வாழ்க்கை வரலாற்றில் அதைப் பதிவுசெய்த பாஸ்வெல் அங்கேயே விளக்கியிருக்கிறார். சொன்ன ஆளைத் தொலைத்தால் இந்த விளக்கமும் தொலைந்துபோகும். அப்புறம் அந்த வரியை எடுத்து யாரை வேண்டுமானாலும் அடிக்கலாம். நேற்று அதுதான் நடந்தது.

ஜான்சன் பட்ட பாடு கொஞ்சமல்ல. பணமில்லாமல் ஆக்ஸ்போர்டு படிப்பைப் பாதியில் விட்டவர். தன் ஆங்கில அகராதி வேலையைத் தொடங்கிய காலத்தில், ஆதரவு தேடி செஸ்டர்ஃபீல்டு பிரபுவின் வீட்டு வெளியறையில் காத்துக் கிடந்திருக்கிறார். ஏழாண்டுகள் ஒரு ஆதரவான சொல்கூட வரவில்லை. அகராதி வெளிவரப்போகிறது என்றதும் பிரபு புகழ்ந்து கட்டுரை எழுதினார். 1755 பிப்ரவரியில் ஜான்சன் எழுதிய பதில் கடிதத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். தண்ணீரில் உயிருக்குப் போராடுகிறவனைக் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டு, அவன் கரையேறியதும் உதவி என்று வந்து தொந்தரவு செய்பவர்தானே புரவலர் என்று கேட்கிறார்.

என் முதல் தொகுப்புக்கு முன்னுரை கேட்டு ஒரு பெரிய மனிதர் வீட்டுத் திண்ணையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். புத்தகத்தைப் பற்றி நாலு பேர் பேசியதும், "இவன் நம்ம பையன்" என்று மேடையில் சொன்னார் அதே மனிதர். அன்று இரவு எனக்குத் துணையாக இருந்தது அந்தக் கடிதம்தான். அதனால் ஜான்சன் பெயரை அழித்தால் எனக்கு வலிக்கிறது.

அவர் மன்னரிடம் பென்ஷன் வாங்கியவர்தானே என்கிறார்கள். ஆமாம், 1762இல் ஆண்டுக்கு 300 பவுண்டு. உழைப்புக்குக் கிடைத்த காசு, அவ்வளவுதான். அமெரிக்க விடுதலையை எதிர்த்த பிற்போக்குவாதி என்கிறார்கள். எதிர்த்தார், சரி. ஆனால் எப்படி எதிர்த்தார் என்று படித்தீர்களா? கறுப்பின அடிமைகளை ஓட்டி வேலை வாங்குகிறவர்களிடமிருந்தா சுதந்திரக் கூச்சல் இத்தனை உரக்கக் கேட்கிறது என்று 1775லேயே அச்சில் கேட்டவர் அவர். வாயால் மட்டும் கேட்கவும் இல்லை. ஜமைக்காவில் அடிமையாகப் பிறந்த பிரான்சிஸ் பார்பர் வேலைக்காரராக வந்தபோது, அவரைத் தன் செலவில் பள்ளிக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். 1784இல் தான் இறக்கும்போது பார்பருக்கு ஆண்டுக்கு 70 பவுண்டு கிடைக்க ஏற்பாடு செய்து, மிச்சச் சொத்தில் பெரும்பகுதியையும் எழுதிவைத்தார். ஒரு வேலைக்காரருக்கு இவ்வளவா என்று உயிலை நிறைவேற்றிய ஹாக்கின்ஸே குறைசொன்னார். இப்படி வாழ்ந்த ஒருவரைப் பிற்போக்குவாதி என்று தள்ளிவிட்டு, அவர் வரியை மட்டும் எடுத்துக்கொள்கிறீர்கள். அதையும் இன்னொருவர் பெயரில் போடுகிறீர்கள். கேட்டால் நான் மேதாவியா?